இடது காலும் வலது காலும்

முன்னொரு காலத்தில் நெடுங்கல் நாட்டை வேங்கைமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அன்று சபையில் இருந்தவர்கள்: அரசன், அமைச்சர் ஏகம்பர், பண்டகசாலை அதிகாரி குணபூஷணர், வணிகன் சொக்கன், செருப்புத் தைக்கும் வீரம்மாள், பாடகன் ஒருவன், குடை பிடிப்போர் இருவர், அரண்மனை ஓலைகளை ஊர் ஊராகச் சுமந்து ஓடும் ஓட்டர்கள் பன்னிருவர். ஆக இருபது பேர். வாசற்காவலன் வெளியே நின்றதால் கணக்கில் இல்லை.

ஓட்டர்களுக்கு ஆளுக்கு ஐந்து சோடி செருப்பு வேண்டும். யாரிடம் வாங்குவது என்பதே பேச்சு. ஓட்டர் தலைவன் காத்தான் முன்னால் வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, போன வருஷம் கொடுத்த செருப்பில் மூன்று பேருக்குக் கால் புண்ணாகி இன்னும் சாய்ந்துதான் நடக்கிறார்கள். இந்தத் தடவை கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டும்."

ஏகம்பர் அந்த மூன்று பேரின் கால்களைப் பார்த்தார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும் என்று நான்கு வருஷமாக நினைக்கிறார். இன்றும் முடியாது போலிருந்தது.

அரசனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளானாலும் தானே பயன்படுத்திப் பார்ப்பான். திரும்பி வந்து சிங்காசனத்தில் உட்கார்ந்த பிறகுதான் தீர்ப்பு. குணபூஷணருக்கு இது தெரியும். அமைச்சர் நாற்காலியின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். சொக்கனோ அவருடைய மைத்துனன்.

முதல் நாள் அரசன் வீரம்மாளின் செருப்பைப் போட்டுக்கொண்டு அம்மன் பாறைவரை நடந்தான். போய்வர ஐந்து நாழிகை. ஏகம்பர் இடது மடியில் நாற்பது புளியங்கொட்டை கட்டிக்கொண்டு பின்னால் போனார். அரசன் "ஸ்ஸ்" என்று முகம் சுளித்தபோதெல்லாம் ஒரு கொட்டையை வலது மடிக்கு மாற்றினார். மொத்தம் நான்கு. ஆனால் திரும்பி வந்தபோது கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. சாவி எங்கே என்று குணபூஷணரின் ஆட்கள் அரை நாழிகை தேடினார்கள். குடை பிடிப்போரும் உள்ளே இருந்ததால் அரசன் உச்சி வெயிலில் நின்றான்.

இரண்டாம் நாள் சொக்கனின் செருப்பு. தங்கப்பூ வைத்த வார், மூன்றடுக்குத் தோல். ஏற்றம் வந்த இடத்தில் எல்லாம் குணபூஷணர் அனுப்பிய பாடகன் வேடிக்கைப் பாட்டுப் பாடினான். அரசன் சிரித்துக்கொண்டே "ஸ்ஸ்" என்றான், உடனே மறந்தான். திரும்பினால் வாசலில் பந்தல், விசிறி, கால் கழுவப் பன்னீர். ஏகம்பர் எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்று. அவருக்கு மட்டும் யாரும் பன்னீர் கொண்டுவரவில்லை.

அரசன் சிங்காசனத்தில் சாய்ந்தான்.

"சொக்கன் செருப்புத்தான் சுகம். அந்த அம்மாள் செருப்பு ஒரே எரிச்சல்."

"அரசே, நேற்று நான்கு, இன்று முப்பத்தொன்று" என்று கொட்டைகளைக் காட்டினார் ஏகம்பர்.

"என் காலைப் பற்றி என்னைவிட உமக்குத் தெரியுமோ?"

குணபூஷணர் வாயைப் பொத்திச் சிரித்தார். "வலித்தது அமைச்சரின் முழங்கால், அரசே. கணக்கை உங்கள் பெயரில் எழுதிவிட்டார். இந்தச் செருப்பு ஒரு சோடி ஓர் ஆயுசுக்கும் தேயாது. நான் பொறுப்பு!"

அன்றே அறுபது சோடி பண்டகசாலைக்குள் வந்து இறங்கிவிட்டது. வீரம்மாள் தன் மூட்டையைக் கட்டினாள். "விடுங்க சாமி. நடந்து பார்த்தவர் சொன்னால் நான் என்ன சொல்ல?" என்றாள். காத்தான் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏகம்பர் பெருமூச்சு விட்டார்.

"அரசே, இன்னும் ஒரே ஒரு நடை. பாட்டு இருக்கட்டும், பந்தலும் பன்னீரும் இருக்கட்டும். இடது காலில் சொக்கன் செருப்பு, வலது காலில் வீரம்மாள் செருப்பு. அவ்வளவுதான்."

"கோமாளி மாதிரியா?" என்றான் அரசன். பிறகு அவனுக்கே அது பிடித்துப்போயிற்று. "சரி, போவோம்!"

மூன்றாம் நாள் பாடகன் தொண்டை கிழியப் பாடினான். ஆனால் வலது கால் சும்மா இருக்கும்போது இடது கால் கத்தினால் காதில் விழாமல் போகுமா? பாறைக்குப் பாதி வழியிலேயே அரசன் நொண்டினான். "நிறுத்தடா பாட்டை!" என்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். குணபூஷணர் பந்தலிலிருந்து பன்னீரை ஓட்டமாகக் கொண்டுவரச் செய்தார். இரண்டு காலையும் கழுவினார்கள். இடது காலில் நான்கு கொப்புளம். வலது காலில் ஒன்றுமில்லை. மடியில் கொட்டை ஒன்பது.

அரசன் தன் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அப்படியானால் நேற்று நான் பொய்யா சொன்னேன்?"

"இல்லை அரசே. நினைவில் இருந்ததைச் சொன்னீர்கள். நினைவில் இருந்தது முந்தாநாள் வெயிலும் நேற்றுப் பன்னீரும். வழியில் கால் பட்டதெல்லாம் பாட்டோடு போய்விட்டது."

"என்னிடம் இதை நேராகவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். முப்பத்தொன்று என்று."

அரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கல்லின் மேலேயே தீர்ப்புச் சொன்னான். ஓட்டர்களுக்கு வீரம்மாள் செருப்பு, அறுபது சோடி. சொக்கனுக்கு இனி அரண்மனையில் வியாபாரம் இல்லை.

"குணபூஷணரே, உம் அறுபது சோடியை வீணாக்க மனம் வரவில்லை. தினமும் நீரே போட்டுக்கொண்டு அம்மன் பாறைவரை போய்வாரும். ஒன்று தேய்ந்தால்தான் அடுத்தது. எல்லாம் தேய்ந்ததும் பழைய வேலை."

"அரசே, பாடகன்..."

"பாடகன் கிடையாது. அமைச்சரே, உமக்கு என்ன வேண்டும்?"

"உட்கார வேண்டும்" என்றார் ஏகம்பர்.

அரசன் எழுந்து அந்தக் கல்லை அவருக்குக் கொடுத்தான். பல்லக்கு வரும்வரை ஏகம்பர் அதில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வருஷம் கழித்து அவர் பண்டகசாலைக்குப் போய்ச் சரிபார்த்தார். ஓட்டர் பன்னிருவரும் நேராக நடந்தார்கள். குணபூஷணர் ஒரு நாளும் தவறாமல் பாறைக்குப் போய்வந்தார். ஆயுசுக்கும் தேயாது என்று அவர் சொன்னதில் மட்டும் பொய்யில்லை. முதல் சோடியே இன்னும் அவர் காலில் இருந்தது. அலமாரியில் மீதி ஐம்பத்தொன்பது.