மடத்துக்குள் நாலு மாகாணம்

மார்புக்குக் குறுக்கே மாட்டும் டவாலியைக் கழற்றித் தாமிரபரணியில் வீசிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர் ஆதிமூலம். கலெக்டர் கச்சேரி வாசலில் சேவகராக நின்றே தலை நரைத்தவர். தியானம், ஜபம் எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் செத்தால் கட்டை வேகாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் காலையில் மடத்தின் குரு சங்குச்சாமி பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போய்க் கேட்டுவிட்டார்.

"சாமி, நம்ம ஜில்லாவுல உள்ள வெள்ளைக்காரங்க அத்தனை பேரையும் ரெண்டு மாட்டுவண்டியில ஏத்திரலாம். நாம லட்சம் லட்சமா கிடக்கோம். எப்படி சாமி அவங்க நம்மள ஆளுதாங்க?"

சாமி வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"வாசல்ல நின்ன ஆளு நீரு. உமக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கேன்?"

"சரி, நாட்டை எப்படிப் பிரிச்சு வச்சிருக்கான்? அதையாவது சொல்லும்."

அது ஆதிமூலத்துக்குத் தண்ணிபட்ட பாடு. மாகாணம், மாகாணத்துக்குள் ஜில்லா, ஜில்லாவுக்குள் தாலுகா, அதுக்குள் பிர்க்கா, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி, அவனுக்கு மேலே இன்னொருத்தன் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாருக்கும் மேலே கவர்னர். வெயில் ஏறினால் அந்தக் கவர்னர் மூட்டை முடிச்சோடு ஊட்டிக்குப் போய்விடுவார். அங்கே குளிரில் உட்கார்ந்துகொண்டே இங்கே வேகிறவர்களை ஆள்வார். இதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"அடேயப்பா," என்றார் சாமி. "நாமளும் ஒரு தடவை செஞ்சு பாப்பமே."

மடத்தில் இருந்ததே நாலு சீடர்கள்தான். ஆளுக்கொரு மாகாணம் கிடைத்தது. அடுக்களை பிச்சம்மைக்கு. நந்தவனம் குற்றாலத்துக்கு. தொழுவம் இருளாண்டிக்கு. கிணறு ஆதிமூலத்துக்கு. எல்லை போடத் தெரிந்தவர் அவர்தான் என்று சுண்ணாம்புச் சட்டியையும் சாமி அவர் கையிலேயே கொடுத்தார். மனுஷனுக்கு ஏக குஷி. நூல் பிடித்தாற்போலக் கோடு போட்டார்.

"அவங்கவங்க மாகாணத்தை அவங்கவங்க பாத்துக்கிடுங்க. குறை இருந்தா ஊட்டிக்கு வந்து சொல்லுங்க," என்றார் சாமி.

"ஊட்டி எங்க சாமி இருக்கு?"

"இந்தா," என்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போனால் நாள்கணக்கில் மௌனமாக, அன்னம் தண்ணி இல்லாமல் கிடப்பது அவர் வழக்கம். அதனால் யாரும் கவலைப்படவில்லை.

முதல் நாள் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போயிற்று. சாயங்காலம் பிச்சம்மை வழக்கம்போலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். ஆதிமூலம் குறுக்கே கையை நீட்டினார்.

"கேட்டுட்டு வரணும் தாயி. இது வேற மாகாணம்."

"விளையாடாதீரும் அண்ணாச்சி, உலை கொதிக்கி."

"ஊட்டியில போய்ச் சொல்லு."

அவள் சாமியின் கதவுக்கு முன்னால் போய் நின்று சொன்னாள். உள்ளே சத்தமே இல்லை. ஆதிமூலம் பின்னாலேயே வந்து, தோள் துண்டை மார்புக்குக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சிட்டுக்கொண்டு, கதவோரம் விறைத்து நின்றார். "பதில் வரலைன்னா மறுத்தாச்சுன்னு அர்த்தம். கச்சேரியில அப்படித்தான்," என்றார்.

மறுநாள் அவரே ஒரு குறையோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார். இருளாண்டி மோர் தர மாட்டேன் என்கிறான். அதனால் கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் தன் வசம் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். உள்ளே சத்தமில்லை. "மறுக்கலைன்னா சம்மதம்," என்று திரும்பி வந்து கயிற்றை எடுத்து ஒளித்துவைத்தார்.

அப்புறம் என்ன, பிடித்துக்கொண்டது. குற்றாலம் சுண்ணாம்புக் கோட்டின்மேல் முள் வெட்டிப் போட்டான். பிச்சம்மை அடுப்புச் சாம்பலைக்கூட வெளியே கொடுக்கவில்லை. இருளாண்டியும் ஆதிமூலமும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் கைவிட்டுப் பழகியவர்கள். இப்போது ஒருவர் நிழல் மற்றவர் எல்லையில் விழுந்தால் சண்டை. ஆளாளுக்கு ஊட்டி வாசலில் காத்துக் கிடந்தார்கள். ராத்திரி படுத்தால் ஆதிமூலத்துக்குத் தூக்கமே வரவில்லை. நாளைக்கு எதை மறுக்கலாம் என்று மனசு துள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை சந்தோஷமாக அவர் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உச்சிவெயில் நேரத்தில் ஒருநாள் இருளாண்டி முள்வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, செவலைப் பசுவுக்குப் பேறுகால நோவு கண்டிருக்கு. காலையிலேருந்து முக்குது. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை. நாக்கு வெளியே தள்ளிருச்சு. ஒரு வாளி தாரும்."

ஆதிமூலத்தின் கை கயிற்றை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"ஊட்டியில கேட்டியா?"

"கேட்டேன். பதில் இல்லை."

"அப்ப நான் என்னடே செய்ய முடியும்?"

சொல்லி வாயை மூடவில்லை, தொழுவத்திலிருந்து செவலை ஓர் அலறல் அலறியது. அவர் கையால் புல் தின்ற பசு. ஆதிமூலம் தாமே போய் உத்தரவு வாங்கி வந்துவிடுவோம் என்று ஓடினார். கதவைத் தட்டினார். இடித்தார். கடைசியில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார்.

உள்ளே யாரும் இல்லை. சுருட்டிய பாய் மூலையில் நின்றது. வற்றிய ஓடைப் பக்கத்துப் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அந்த வாசல் யாருடைய மாகாணத்திலும் சேரவில்லை. அதனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஆதிமூலம் அங்கே நிற்கவில்லை. முள்ளை மிதித்துக்கொண்டு ஓடினார், காலில் ரத்தம். இறைத்தார், சுமந்தார், இறைத்தார். பிச்சம்மை கஞ்சித்தண்ணியோடு ஓடிவந்தாள். குற்றாலம் அருகம்புல்லை அள்ளிக்கொண்டு வந்தான். செவலை குடித்தது, மூச்சு வாங்கியது, மறுபடி முக்கியது. கன்றுக்குட்டி வழுக்கிக்கொண்டு வந்து இருளாண்டி மடியில் விழுந்தது. எல்லாரும் அழுதார்கள், சிரித்தார்கள்.

"காளைக்கன்னா, கிடாரியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

சங்குச்சாமி. தலையில் ஈரம், கையில் மாம்பழ மூட்டை.

"எங்க சாமி போனீங்க?" ஆதிமூலத்துக்கு இன்னும் மூச்சு இரைத்தது.

"பாவநாசத்துக்கு. அருவியில என்னா தண்ணி வே."

"எப்பப் போனீங்க?"

"கதவைச் சாத்துனேன்லா? அப்பவே."

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு… கயித்தை வச்சுக்கிடலாம்னு…"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

மற்ற மூவரும் ஆதிமூலத்தையே பார்த்தார்கள். அவர் சாமி பக்கம் திரும்பினார்.

"அப்ப, இத்தனை நாளும் எங்கள ஆண்டது யாரு சாமி?"

"அதைத்தானே வே நீரு என்கிட்ட கேட்டீரு," என்றார் சாமி. மாம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆதிமூலத்தின் மார்பில் குறுக்கே கிடந்த துண்டைத் தொட்டார். "இதைக் கழத்தித் தாரும். கன்னுக்குட்டியைத் துடைக்கணும்."

ஆதிமூலம் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது இறுகிப் போயிருந்தது.