மகா திக்விஜயத்துக்குக் காளத்தி சொன்ன தீர்ப்பு

முன்னொரு காலத்தில், சண்டையெல்லாம் ஓய்ந்து, வாளுறைக்குள் பல்லி முட்டையிட்டுக் கொண்டிருந்த ஒரு ராஜ்யத்தில், உதயபூபதி என்று ஓர் அரசர் இருந்தார். சண்டை இல்லாத ராஜாவுக்குப் பொழுது போக வேண்டுமே! அவருக்குப் பலகை ஆட்டங்களின் மேல் பித்துப் பிடித்தது. சொக்கட்டான், ஆடுபுலி, பரமபதம் எல்லாம் ஆடி அலுத்த பிறகு, "புது ஆட்டம் கட்டிக் கொண்டு வருகிறவர்களுக்குப் பட்டும் உண்டு, பதவியும் உண்டு" என்று ஊர் ஊராக முரசறையச் சொன்னார்.

அவ்வளவுதான். தச்சன் ஆட்டம் கட்டினான், தட்டான் ஆட்டம் கட்டினான், வேறு வேலை கிடைக்காதவன் எல்லாம் ஆட்டம் கட்டினான். அரண்மனை வாசலில் பலகைகள் விறகுபோலக் குவிந்தன. அத்தனையையும் ராஜா ஆடிப் பார்க்க முடியுமா? பதரை நீக்கி நெல்லைப் பொறுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சபையில் விகடகவியாக இருந்த காளத்தியைக் கூப்பிட்டார்.

"காளத்தி, உனக்கு ஆட்டம் என்றால் உயிர் என்று எமக்குத் தெரியும். இனி வருகிற ஆட்டத்தையெல்லாம் நீ ஆடிப் பார்த்து, சபையில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

காளத்திக்கு வாயெல்லாம் பல். விளையாடுவதற்கு அரண்மனைச் சோறா! வீட்டுக்குப் போய் மனைவி செங்கமலத்திடம் சொல்லிச் சொல்லிக் குதித்தான்.

குதிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முதலில் ஒருவன் ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டை மானாக்கி, புலியைச் சிங்கமாக்கி, "மான்சிங்கம்" என்று பெயரிட்டுக் கொண்டு வந்தான். அவன் போன கையோடு அவன் தம்பி வந்தான். சிங்கத்தைச் சிறுத்தையாக்கியிருந்தான். இன்னொருவர் கொண்டு வந்தது தந்தப் பலகை, பவழக் காய்கள். பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆடுவதற்குத்தான் அதில் ஒன்றுமே இல்லை. "சுவரில் மாட்டுங்கள், சுவருக்கு நல்லது" என்று காளத்தி தீர்ப்புச் சொன்னான். இன்னோர் ஆட்டத்தின் விதிகளைச் சொல்லி முடிப்பதற்குள் உச்சி வெயில் சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. "விதி வலியது, ஆட்டம் மெலியது" என்றான் அதற்கு.

சபை சிரித்தது. காளத்திக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல ஆட்டம் ஒன்று கையில் கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்து, எதிரில் இருப்பவன் பகைவனானாலும் தோளில் தட்டிச் சிரிக்கிற மனிதன் அவன். அப்படிப்பட்டவன் இப்போது தாயக்கட்டையின் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுளித்தான்.

"ஏங்க, ராசா வேலை குடுத்தாரா, தண்டனை குடுத்தாரா?" என்று கேட்டாள் செங்கமலம். "மூஞ்சி வெந்த கத்திரிக்காயாட்டம் கெடக்கு."

"மட்டமா இருந்தாக்கூடத் தூக்கிப் போட்டுடலாம் புள்ள," என்றான் காளத்தி. "மட்டமும் இல்ல, நல்லாவும் இல்ல. உப்பு இல்லாத கஞ்சி. குடிக்கவும் முடியல, துப்பவும் முடியல."

இப்படி இருக்கும்போது ரணகேசரி என்பவர் களத்தில் இறங்கினார். அவர் மகாராணியின் உடன்பிறந்த தம்பி, ராஜாவின் மைத்துனர். முன்பே ஒருமுறை "மயில் வேட்டை" என்று ஓர் ஆட்டம் கட்டி வந்து, காளத்தியிடம் மாட்டிக்கொண்டவர். "இதில் கெட்டிக்காரப் பிராணி மயில்தான். முதல் உருட்டிலேயே பறந்து தப்பித்துவிடுகிறது. நமக்குத்தான் வழியில்லை" என்று அன்றைக்குக் காளத்தி சொன்னது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

இந்தத் தடவை அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. "மகா திக்விஜயம்" என்று பெயரை மட்டும் முதலில் அறிவித்தார். அப்புறம் ஒரு வருஷம் முழுக்கத் தமுக்கு. "வருகிறது, வருகிறது! ஐம்பத்தாறு தேசத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே வெல்லலாம்!" என்று சந்தை சந்தையாகக் கூவினார்கள். குழந்தைகள்கூட அதன் பெயரைச் சொல்லித்தான் கோலி அடித்தார்கள். ஜனங்கள் ஏங்கிப் போனார்கள். உள்ளதைச் சொன்னால், காளத்தியும் ஏங்கித்தான் போனான். 'இதுவாவது நன்றாக இருந்துவிடட்டும், தெய்வமே' என்று வேண்டிக்கொண்டான்.

ஆட்டம் வந்தது. கல்யாணப் பந்திப் பாய் அளவுக்கு ஒரு பலகை. யானையும் குதிரையும் கோட்டையும் வெள்ளியில் மின்னின. காளத்தி ரணகேசரிக்கு எதிரில் ஆவலோடு உட்கார்ந்தான்.

தாயம் விழுந்தால்தான் குதிரையை லாயத்திலிருந்து அவிழ்க்கலாம். இன்னொரு தாயம் விழுந்தால் அதற்குக் கொள்ளு வைக்கலாம். மறுபடி ஒரு தாயம் விழுந்தால் தண்ணீர் காட்டலாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் ரணகேசரி எழுதிய விருத்தம் ஒன்றைப் பாட வேண்டும். ஒரு தேசத்தை வென்று அடுத்த தேசத்துக்குப் போனால் அதே கோட்டை, அதே அகழி, அதே மீசை வைத்த வாயில்காப்போன். வடகிழக்கு மூலையில் பலகை வெறும் மரமாக இருந்தது.

"இந்தப் பக்கம் படம் இல்லையே, பிரபு?" என்றான் காளத்தி.

"அங்கே இன்னும் வரையவில்லை. தீபாவளிக்குள் வரைந்துவிடுவார்கள். நீ ஆடு."

கொஞ்ச நேரத்தில் காளத்தியின் யானை ஒரு கோட்டைக்குள் நுழைந்தது. நுழைந்த யானை வெளியே வருவதற்கு விதியே இல்லை.

"இது பிழையல்லவா?"

"பிழையல்ல, யுத்த தந்திரம்!" என்றார் ரணகேசரி.

காளத்தி இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வருஷ ஏக்கமும் அந்த யானையோடு கோட்டைக்குள் சிக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

அவன் முகத்தைப் பார்த்ததுமே ரணகேசரிக்குத் தெரிந்துவிட்டது. நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, காளத்தி எதையும் குறை சொல்லியே பெயர் வாங்கியவன். அவனுக்கு ஒரு பரீட்சை வைப்போம். நாளை சபையில் என் ஆட்டத்துக்கு அவன் தீர்ப்புச் சொல்லட்டும். ஆனால் ஒரு குறைகூடச் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு நிற்கவும் கூடாது. மூன்றில் எதில் தவறினாலும் அவனை நாடு கடத்த வேண்டும். தீர்ப்பு முடிந்ததும், விஜயதசமி முதல் வீட்டுக்கு வீடு தினமும் இதையே ஆட வேண்டும் என்று தாங்கள் ஆணையிட வேண்டும்."

ராஜாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் பக்கத்தில் மகாராணி இருந்தாள். "ஆகட்டும்" என்றார்.

சேதி கேட்டுச் செங்கமலம் இடிந்துபோனாள். "நல்லா இருக்குன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு வாங்களேன். பொய்யின்னு எவன் கண்டான்? இந்த ஊரை விட்டு எங்க போறது நாம?"

"நான் பொய் சொன்னா நாளைக்கு ஊரே அந்தப் பலகை முன்னால உக்காரணும், புள்ள. வண்ணான் துணிய விட்டுட்டு உக்காரணும், உழவன் ஏரை விட்டுட்டு உக்காரணும். அத்தனை பேர் பொழுதும் என் தலையில விடியும்."

மறுநாள் சபை கூடியது. ரணகேசரி முன்னேற்பாடாக மூன்று பண்டிதர்களை அழைத்து வந்திருந்தார். மூவர் தோளிலும் புதுச் சால்வை. அவர்களில் மூத்தவரான வாகீச பண்டிதர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மகாராஜா! யாம் மூவரும் மகா திக்விஜயத்தை ஆய்ந்து தெளிந்தோம். இதன் முன் அமர்ந்தவருக்குப் பசி தெரியாது. உறக்கம் நெருங்காது. எழுந்திருக்க மனமே வராது. யுகங்கள் கணங்களாகக் கழியும். ஈதொத்த ஆட்டம் இதற்கு முன்னும் இல்லை, இனியும் இல்லை!"

"பண்டிதரே, தாங்கள் இதை முடிவு வரை ஆடினீர்களா?" என்று பணிவாகக் கேட்டான் காளத்தி.

"ஒரு பருக்கையைத் தொட்டால் பானைச் சோறு தெரியாதா?"

ராஜா காளத்தியைப் பார்த்தார். "உன் தீர்ப்பு என்ன? நிபந்தனை நினைவிருக்கட்டும்."

காளத்தி கைகட்டி நின்றான். "மகாராஜா, அடியேன் சிறியவன். பண்டிதர் மூவரும் பெரியவர்கள். இவர்களும் ஆட்டத்தை ஆக்கிய பிரபுவும் இதே சபையில் உட்கார்ந்து ஒரு முழு ஆட்டம் ஆடட்டும். ஆடிவிட்டு எழும்போது வாகீச பண்டிதர் என்ன சொல்கிறாரோ, அதுவே அடியேனின் தீர்ப்பு. ஓர் எழுத்துக்கூட மாற்ற மாட்டேன்."

ரணகேசரிக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. பண்டிதர் தம் கைக்குள் இருப்பவர். "சம்மதம்!" என்றார். ராஜாவும் தலையசைத்தார். நால்வரும் உட்கார்ந்தார்கள்.

தாயம் விழவில்லை. விருத்தம் பாடினார்கள். தாயம் விழுந்தது. குதிரையை அவிழ்த்தார்கள். விருத்தம் பாடினார்கள். கொள்ளு வைக்கத் தாயம் விழவில்லை. சபையோர் கொட்டாவி விட்டார்கள்.

உச்சி வேளை ஆயிற்று. மடைப்பள்ளியிலிருந்து புளியோதரையும் மிளகு வடையும் வந்தன. பரிசாரகன் இலையோடு பண்டிதர்களை நோக்கி நடந்தான். காளத்தி குறுக்கே பாய்ந்தான்.

"நில்லப்பா! அவர்களுக்குப் பசி தெரியாது என்று அவர்களே திருவாய் மலர்ந்திருக்கிறார்கள். சோறு போட்டால் பண்டிதர் வாக்கைப் பொய்யாக்கின பாவம் உனக்கு வரும்."

ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. "சரிதான். மற்றவர்களுக்குப் பரிமாறு" என்றார்.

சபை முழுக்க வடை மெல்லும் சத்தம். பண்டிதர்கள் எச்சில் விழுங்கினார்கள். இளைய பண்டிதர் ஒருவர் மெல்ல எழப் பார்த்தார். பக்கத்தில் நின்ற காவலன் அவர் தோளை அமுக்கினான்.

"உக்காருங்க சாமி. எழுந்திருக்க மனசே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மனசு இல்லடா, வயித்த வலிக்குது!"

"வயித்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே சாமி. உக்காருங்க."

வெயில் சாய்ந்தது. முதல் தேசமே இன்னும் முடியவில்லை. வாகீச பண்டிதரின் யானை கோட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பிரபு, இந்த யானை எப்படி வெளியே வரும்?" என்றார்.

திரும்பிப் பார்த்தால், ஆட்டத்தை ஆக்கிய ரணகேசரியே வரையாத மூலையில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வாகீசருக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் ஆவேசம் வந்ததோ! சால்வையைச் சுழற்றி எறிந்துவிட்டு எழுந்தார். செந்தமிழ் எல்லாம் பறந்துபோயிற்று.

"ஆட்டமாய்யா இது? நாசமாப் போக! காலையிலேருந்து குதிரைக்குக் கொள்ளு வைக்கிறேன், எனக்கு ஒரு வடை வைக்க ஆளில்ல! பாதிப் பலகை மொட்டை. உள்ள போன யானை உள்ளேயே கிடக்கு. இதை வீட்டுக்கு வீடு ஆடச் சொன்னா ஊரே காலி பண்ணிட்டு ஓடிடும்! கள்ளனைப் புடிச்சா சிறையில போட வேண்டாம், இந்தப் பலகை முன்னால உக்கார வையுங்க!"

சத்தம் கேட்டு ரணகேசரி திடுக்கிட்டு விழித்தார். அவர் கன்னத்தில் வெள்ளிக் குதிரை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ராஜா குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்: "காளத்தி, உன் தீர்ப்பு?"

"பண்டிதர் சொன்னதேதான், மகாராஜா. அடியேன் குறை ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை."

ரணகேசரியின் முகம் தொங்கிப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, சிறு பிள்ளைபோல, "ஒரு வருஷம் பாடுபட்டேன். இதில் ஒன்றுகூடவா நன்றாக இல்லை?" என்றார்.

காளத்திக்கு மனம் இளகியது. பலகை அருகே போய் உட்கார்ந்தான். "ஒன்று இருக்கிறது, பிரபு. நடுத் தேசத்தில் ஓர் ஆறு போட்டிருக்கிறீர்களே, அங்கே ஒரே ஓடம்தான். எதிரிகள் இருவரும் சேர்ந்து ஏறினால்தான் அது நகரும். கரை சேர்ந்த பிறகு முதலில் குதிப்பவனுக்கு வெற்றி. அந்த இடத்துக்கு வந்தபோது அடியேனுக்கு நெஞ்சு படபடத்தது. சத்தியம். மற்ற ஐம்பத்தைந்தையும் தூக்கிப் போடுங்கள். விருத்தத்தையும் போடுங்கள். அந்த ஓடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்."

"எங்கே, காட்டு பார்க்கலாம்" என்று ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எதிரில் ரணகேசரி. ஓடம் நகர்ந்தது. ராஜா சந்தேகத்தோடு மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் ராஜாவைப் பார்த்தார். கரை வந்த கணத்தில் ரணகேசரி முந்திக் குதித்துவிட்டார்.

"அடப் பாவி! என் ராஜ்யத்தில் என்னையே ஆற்றில் தள்ளிவிட்டாயே!" என்று ராஜா தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரணகேசரியும் சிரித்தார். இலை கிடைத்துவிட்ட பண்டிதர்களும் வாயில் வடையோடு சிரித்தார்கள்.

வீட்டுக்கு வீடு ஆட வேண்டும் என்கிற பேச்சு அன்றோடு போயிற்று. ராஜா தம் கையிலிருந்த ரத்தினக் கடகத்தைக் கழற்றிக் காளத்தியின் கையில் மாட்டினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"ஒரு மாதம், மகாராஜா," என்றான் காளத்தி. "ஒரே ஒரு மாதம் எவரும் எந்த ஆட்டமும் கட்டாமல் இருக்க ஆணையிடுங்கள்."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு மாதமாகக் கொடுத்தார்.