தொன்னையில் வந்த படை

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ரொம்ப முந்தின காலம். தாமரைக்கோட்டைச் சீமையை மணிமுடிராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதையே மாற்றிச் சொல்வார். அரண்மனைப் பூந்தோட்டத்தின் மேல் மட்டும் அவருக்கு மாறாத உயிர்.

அந்தத் தோட்டம் பூவாயியின் பொறுப்பு. இருபது வருஷமாக அங்கே மண்வெட்டி பிடித்தவள். ராஜா சபைக்குப் போகும்போது அவளிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். தளவாய் ரணவீரனுக்கு இதைப் பார்த்து வயிறு எரியும். ‘நாலு போரில் ஜெயித்தவன் நான். என்னை விட்டுவிட்டு எரு அள்ளுகிறவளிடம் என்ன பேச்சு!’

ஒரு மாசி மாதம் தோட்டத்தில் பூச்சி விழுந்தது. ராஜாவின் முகம் வாடியதைக் கண்ட தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“உத்தரவு கொடுங்கள் மகாராஜா! ஒரே நாளில் பூச்சி வம்சத்தையே அழித்துவிடுகிறேன்.”

“அழி!” என்றார் ராஜா.

நானூறு சிப்பாய்கள் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். அசைந்ததையெல்லாம் அடித்தார்கள். சாயங்காலம் தளவாய் ஒரு கூடையை ராஜாவின் காலடியில் வைத்தான். கூடை நிறையப் பொறிவண்டுகள். சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளியுமாகச் செத்துக் கிடந்தன. அதைப் பார்த்ததும் பூவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சபை முழுக்கக் கை தட்டிக்கொண்டிருந்தது. அவள் பேச்சு யார் காதில் விழும்?

எட்டாம் நாள் ரோஜாச் செடிகளில் பூச்சி முன்னைவிட இரண்டு மடங்கானது.

“இவள்தான் பொறாமையில் பூச்சியைக் கொண்டுவந்து விடுகிறாள்” என்றான் தளவாய்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “பூவாயி! பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போய்விடு.”

பூவாயி கை கூப்பினாள். தலை மட்டும் குனியவில்லை. “போறேன் சாமி. போறதுக்கு முன்னால தோட்டத்தை ஒருக்கா என்கூட வந்து பாருங்க. எதிரி யாருன்னே தெரியாம சண்டை போட்டா எப்படி?”

ராஜா நடந்தார். தளவாயும் பின்னாலேயே போனான்.

மல்லிகைச் செடியில் ஊதா பாரித்த ஒரு மொட்டைக் கிள்ளிப் பிளந்து காட்டினாள். உள்ளே ஒரு சின்னப் புழு நெளிந்தது. “இது மொட்டுப்புழு. வாள் எட்டாது. இந்த மாதிரி மொட்டைப் பொறுக்கி எரிக்கணும்.” செம்பருத்தித் தண்டில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. “இது மாவுப்பூச்சி. மேல மெழுகுச் சட்டை போட்டிருக்கு. பூந்திக்கொட்டைத் தண்ணியால கழுவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கணும்.” கடைசியாக ரோஜாவின் இளங்குருத்து. பச்சைப் பொட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் பூச்சிகள். “இது அசுவினி. குருத்தோட சாறை உறிஞ்சுது. இதைத் தின்கிறதே பொறிவண்டுதான் சாமி. தளவாய் ஐயா கூடையில கொண்டுவந்தது எதிரியை இல்ல, நம்ம பக்கத்துப் படையை.”

தளவாய் கடகடவென்று சிரித்தான். “வண்டு உனக்குப் படையா? அப்படியானால் என் சிப்பாய்களோடு மோதிப் பார்க்கிறாயா?”

“மோதறேன். ஆளுக்கொரு ரோஜாச்செடி. அஞ்சு நாள். உங்களுக்கு எத்தனை பேர் வேணுமோ கூட்டிக்கோங்க. எனக்கு ஏழு பேர் போதும்.”

“தோற்றால்?” என்றார் ராஜா.

“ஊரை விட்டுப் போறேன்.”

“நான் தோற்றால் ஒரு மண்டலம் இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறேன்” என்றான் தளவாய்.

மறுநாள் காலையில் சபையே தோட்டத்தில் கூடியது. தளவாய் நாற்பது சிப்பாய்களோடு வந்தான். பூவாயி ஒரு தொன்னையோடு வந்தாள்.

“உன் ஏழு பேர் எங்கே?” என்றார் ராஜா.

அவள் தொன்னையை நீட்டினாள். உள்ளே ஏழு புழுக்கள். கறுத்த உடம்பு, முதுகில் மஞ்சள் புள்ளி, ஆறு கால். முதலைக்குட்டியை எறும்பளவுக்குச் சுருக்கியதுபோல இருந்தன.

“சுவரோரத்துல சிப்பாய்கள் விட்டுப்போன முட்டையில பொரிச்சதுங்க சாமி. பொறிவண்டோட பிள்ளைங்க. இவங்களுக்குக் கூலியும் வேணாம், குதிரையும் வேணாம்.”

ராஜா குலுங்கிச் சிரித்தார். பூவாயி சிரிக்கவில்லை. செடியின் தூரில் ஆமணக்கெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றினாள். “அசுவினி கழிக்கிற இனிப்புக்கு ஆசைப்பட்டு எறும்பு அதுக்குக் காவல் நிற்கும். முதல்ல காவலை விலக்கணும்” என்றாள். பிறகு புழுக்களை ஒவ்வொன்றாகக் குருத்தில் ஏற்றிவிட்டாள்.

அந்தப் பக்கம் சிப்பாய்கள் விரலால் நசுக்கினார்கள். காலையில் நூறு செத்தால் மாலையில் நூறு குட்டி பிறந்தது. தளவாய் கத்தக் கத்த அவர்கள் அவசரப்பட்டார்கள். இலை கிழிந்தது, குருத்து ஒடிந்தது. பூவாயியின் புழுக்களோ சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருந்தன. ராஜா சபைக்குப் போவதையே மறந்து அந்தச் செடிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “பார் பார், இன்னொன்றைப் பிடித்துவிட்டான்!” என்று தொடையைத் தட்டினார்.

ஐந்தாம் நாள் பூவாயியின் செடியில் தேடினாலும் அசுவினி இல்லை. தளவாயின் செடியில் தண்டும் முள்ளும்தான் மிச்சம். அதிலும் இரண்டு கணுவில் அசுவினி அப்பியிருந்தது.

 தளவாய் வாளை அவிழ்த்து ராஜாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தான்.

ராஜா முத்துமாலையைக் கழற்றினார். பூவாயி வாங்கவில்லை.

“மாலை வேணாம் சாமி. என்னைக் கேட்காம யாரும் தோட்டத்துக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. அது போதும்.”

“யாராக இருந்தாலும் சரி!” என்று முரசறைந்து சொல்லச் சொன்னார் ராஜா.

மறுநாள் காலை அவரே வழக்கம்போல உள்ளே நுழையப் போனார். பூவாயி மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினாள்.

“இன்னைக்கு வேணாம் மகாராஜா. செம்பருத்திக்கு இப்பத்தான் வேப்பங்கரைசல் அடிச்சிருக்கேன். நாளைக்கு வாங்க.”

மந்திரிகளும் காவலர்களும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமரைக்கோட்டை ராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு பூவாயிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.