திருமலைக்கொழுந்து ஓய்வு வாங்கிய விதம்

மணல்மேட்டுச் சீமையை ஆண்ட விஜயரங்க பூபதிக்கு இரண்டு இல்லாமல் பொழுது போகாது. ஒன்று, வாய் நிறைய வெற்றிலை. மற்றொன்று, விகடகவி திருமலைக்கொழுந்தின் பேச்சு. கொழுந்து வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். அரசர் சிரித்தால் சபை சிரிக்கும். அரசர் சிரிப்பதற்கு முன்னால் யாரும் சிரிக்கக் கூடாது, அவர் சிரித்தபின் யாரும் சும்மா இருக்கக் கூடாது. அது அந்தச் சபையின் வழக்கம். வயிற்றுவலிக்காரர் கூடச் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

கொழுந்துவுக்கு வயதாகிவிட்டது. அரசர் முன்னால் உட்காரக் கூடாதென்பதால், நாளெல்லாம் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு வீடு, கொல்லையில் கத்தரிச்செடி, வெயில் ஏறும்வரை தூக்கம், மனைவி வடிவோடு சேர்ந்து உட்கார்ந்து சூடாக ஒரு சாப்பாடு. பாவம், அவ்வளவுதான் அவர் ஆசை. கத்தரி விதையைக்கூட வாங்கித் துணியில் முடிந்து பெட்டியில் வைத்திருந்தார்.

"தினமும் முடிச்சை அவுத்து அவுத்துப் பாருங்க," என்றாள் வடிவு. "அது வெறுத்துப்போய்ப் பெட்டிக்குள்ளயே முளைக்கப் போவுது. ராசாகிட்ட வாய்விட்டுக் கேட்டா என்ன?"

மறுநாள் கேட்டார்.

"மகாராஜா, முழங்கால் வலி தாங்கவில்லை. எனக்கு ஓய்வு தாருங்கள்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது. கொழுந்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

"வேடிக்கை இல்லை, மகாராஜா. நிஜமாகவே கேட்கிறேன்."

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, கொழுந்து. நீர் ஒரு கதை சொல்லி, அதைக் கேட்டு இந்தச் சபை சிரிக்காமல் இருந்தால் அன்றைக்கே போய்க்கொள்ளும். இது என் வாக்கு."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தார் கொழுந்து. எருமை தொலைந்த கதையை அழுதுகொண்டே சொன்னார். சிரிப்பு. நெல்லில் புழு விழுந்த கதையைச் சொன்னார். சிரிப்பு. கடைசியில் கதையே வேண்டாமென்று பஞ்சாங்கத்தை எடுத்துப் படித்தார். ராகுகாலத்துக்கு வருவதற்குள் அரசருக்குப் புரையேறிவிட்டது.

புரையேறிய அரசர் பக்கத்திலிருந்த தங்கப் படிக்கத்தை அவசரமாக இழுத்து, வெற்றிலைச் சாற்றை அதில் துப்பிவிட்டு, அப்புறம்தான் சிரித்தார். சபையின் வெள்ளைத் தரையில் வெற்றிலைச் சாறு சிந்துகிறவருக்குக் கசையடி என்று சட்டம் போட்டவரே அவர்தானே! அவர் துப்பி முடிக்கும்வரை சபை முழுதும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

கொழுந்து அதைப் பார்த்தார். வீட்டுக்குப் போனதும், "வடிவு, மண்ணைக் கொத்தி வை," என்றார்.

மறுநாள் காலையில் சபையில் கும்பிட்டு நின்றார். "மகாராஜா, இத்தனை வருஷம் வாயால் சேவை செய்தேன். இன்று ஒரு நாள் தங்கள் படிக்கத்தைக் கையில் ஏந்தும் பாக்கியம் வேண்டும்."

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படிக்கம் கொழுந்துவின் கைக்கு வந்தது. அரசர் வெற்றிலையை மடித்துப் போட்டார், புகையிலையும் தாராளமாக வைத்தார். மென்றார். வாய் நிறைந்தது. "ம்" என்று கையை நீட்டினார்.

"இதோ, மகாராஜா." கொழுந்து படிக்கத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அதற்கு முன் ஒரு சின்னக் கதை."

"ம்ம்?"

"ஓய்வு கிடைத்தால் பகல் முழுக்க அடுக்களையில் உட்கார்ந்து, குழம்புக்கு எவ்வளவு புளி என்று உனக்குச் சொல்லித்தருகிறேன் என்றேன் என் மனைவியிடம். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். எனக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமென்று ஒரு தேங்காய் உடைத்தேன். திரும்பினால், அவள் நிற்கிறாள். கிடைக்கவே கூடாதென்று உடைக்க, கையில் இரண்டு தேங்காய்!"

அரசரின் கன்னம் இரண்டு பக்கமும் உப்பியது.

"பிள்ளையாரைப் பார்த்தேன். மூன்று தேங்காயையும் வாங்கிக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல், தொந்தியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடடா, ஓய்வு என்றால் இதல்லவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்!"

அரசரின் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பினால் கசையடிச் சட்டம், விழுங்கினால் புகையிலை. தோள் குலுங்கியது, தொப்பை குலுங்கியது, வாய் மட்டும் திறக்கவில்லை. சபையில் ஒருவர் மேல்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். சேனாபதி தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். அரசருக்கு முன்னால் சிரிக்க யாருக்குத் தைரியம்?

"சபையோரே, கதை முடிந்தது. யாராவது சிரித்தீர்களா?"

எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினார்கள்.

"மகாராஜா, தங்கள் வாக்குப்படி நான் போகலாமல்லவா? ஆட்சேபம் இருந்தால் இப்போதே வாய்திறந்து சொல்லிவிடுங்கள்."

"ம்ம்ம்! ம்ம்!" அடக்கிய சிரிப்பில் அரசரின் தலை மேலும் கீழும் ஆடியது.

"தலையாட்டிவிட்டார்! மகாராஜா நீடூழி வாழ்க!" என்று படிக்கத்தை நீட்டினார் கொழுந்து.

அரசர் துப்பினார். பிறகு சிரித்தார் பாருங்கள், சிம்மாசனமே கிறீச்சிட்டது. சபை அதற்கு மேல் சிரித்தது. அன்றைக்குத்தான் அவர்கள் உண்மையாகவே சிரித்தார்கள்.

"படுபாவி! என் வாயை என் வெற்றிலையாலேயே கட்டிவிட்டீரே!" அரசர் சிரித்து ஓய்ந்தார். "வாக்கு வாக்குதான். போய் வாரும். உம்மைப் பிரிந்திருப்பதுதான் கஷ்டம். என்ன பரிசு வேண்டும், கேளும்." பேச்சோடு பேச்சாக அடுத்த வெற்றிலையையும் மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கொழுந்து படிக்கத்தைக் கழுவித் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இதுவே போதும், மகாராஜா. இது என் வீட்டில் இருக்கும்வரை, என்னைத் திரும்பக் கூப்பிடத் தங்களால் வாயைத் திறக்க முடியாது."

அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் கை பக்கத்தில் துழாவியது. படிக்கம் அதற்குள் கோட்டை வாசலைத் தாண்டிவிட்டது.