நாற்பத்தெட்டு பிரேம்

வேதமுத்து படத்தொகுப்பாளர். முப்பது வருடத் தொழில். எண்பதுக்கு மேல் படங்கள். மூன்று தேசிய விருதுகள்.

மூன்றாவது விருது ஓர் ஆவணப்படத்துக்காகக் கிடைத்தது. தெற்கே ஒரு கல்குவாரி கிராமம். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே பாறை சரிந்து ஆறு பேர் செத்துப்போனார்கள். படம் அவர்களைப் பற்றியதாக மாறிவிட்டது.

அதில் ஓர் இடம் உண்டு. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வருகிறது. கதவு திறக்கிறது. வெள்ளைத் துணி சுற்றிய உடலை இறக்குகிறார்கள். அடுத்து ஒரு பெண்ணின் முகம். அவள் சிரிக்கிறாள். இரண்டே வினாடி. நாற்பத்தெட்டு பிரேம். பிறகு இருட்டு.

அந்தச் சிரிப்பைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். துக்கத்தின் எல்லைக்கு அப்பால் போன சிரிப்பு என்றார்கள். திரைப்படக் கல்லூரிகளில் வேதமுத்து அதைப் போட்டுக் காட்டிப் பாடம் எடுத்தார். மாணவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

விருது வாங்கி நாலு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது.

'ஐயா, என் பெயர் சண்முகக்கனி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் உங்கள் படம் போட்டார்கள். அதில் சிரிப்பது என் அம்மா. ஆம்புலன்ஸிலிருந்து இறக்குவது என் அப்பாவின் உடலை. அன்று நான் பள்ளி ஹாஸ்டலில் இருந்தேன். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவை இறக்கும்போது அம்மா நிஜமாகவே சிரித்தாளா? படம் பார்த்த பிறகு ஊரில் எல்லோரும் சிரித்தாள் என்கிறார்கள். அம்மா முதலில் இல்லவே இல்லை என்றாள். பிறகு, படத்தில் இருக்கிறதே, சிரித்திருப்பேன் போல என்றாள். ஆறு மாதமாக நான் அவளோடு பேசவில்லை. படத்தின் முடிவில் படத்தொகுப்பு என்று உங்கள் பெயர் வந்தது. எது உண்மை என்று மட்டும் சொன்னால் போதும்.'

வேதமுத்து பதினோரு நாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். பன்னிரண்டாம் நாள் காலை சாலிகிராமத்தில் மங்களேஸ்வரியின் வீட்டுக்குப் போனார்.

மங்களேஸ்வரி அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பிலிம் காலத்தில் லேபில் நெகட்டிவ் வெட்டும் வேலையில் சேர்ந்து, பிறகு எடிட்டரானவர். அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். விருது எதுவும் வாங்கியதில்லை.

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு கேள்வி."

"கேளு."

"வெட்டி ஒட்டறதுதான் நம்ம தொழில். அதுல எது பொய், எது நிஜம்?"

மங்களேஸ்வரி ஒரு தலையணை உறையை நீவிவிட்டார்.

"இதை இத்தனை வருஷத்துல நீ கேட்டதே இல்லையே. யாரு கேட்டா உன்னை?"

வேதமுத்து கடிதத்தைக் கொடுத்தார். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"அந்தம்மா எதுக்குச் சிரிச்சா?"

"உடம்பு வந்தப்ப சிரிக்கலக்கா. அது வேற நேரத்துல எடுத்த ஷாட். நான்தான் அங்க வச்சேன்."

"அது தெரியுது. அந்த வேற நேரத்துல எதுக்குச் சிரிச்சா?"

"தெரியாது."

"எடுத்த ரஷ்ஸ் முழுசையும் பார்த்தியா?"

"பார்த்தேன். நூத்திப் பத்து மணி நேரம். ஒண்ணு விடல."

"கேட்டியா?"

வேதமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"சத்தத்தை வச்சுக் கேட்டியான்னு கேட்கறேன்."

"முகம் பார்க்கும்போது சத்தத்தை அணைச்சிடுவேன்க்கா. அது பழக்கம். நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. சத்தம் இருந்தா முகம் தெரியாதுன்னு."

மங்களேஸ்வரியின் கை நின்றது.

"ஆமா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

பிறகு அவர் மடிக்காத துணிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கியா?"

"ஆபீஸ்ல இருக்கு."

"ஆட்டோ கூப்பிடு."

ஆபீஸில் பழைய டிஸ்கைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்த ஷாட்டின் முழு க்ளிப் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. வேதமுத்து சத்தத்தைக் கூட்டினார்.

வாசல்படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பீடித் தட்டு. தலை நிமிரவில்லை. காலை வெயில். எங்கோ சேவல் கூவுகிறது. பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"ஏட்டி வடிவு, அந்தக் கேமராவக் கொஞ்சம் பாரு. நாளைக்கு உன்னயத் தியேட்டர்ல போடப் போறாங்க."

"சும்மா கெடயும்."

"பல்லக் காட்டிராத. பாக்க வந்த ஆளு பூரா எந்திரிச்சு ஓடிருவான்."

அவள் உதட்டைக் கடித்து அடக்குகிறாள். முடியவில்லை. மெதுவாகத் தலை நிமிர்ந்து, குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்த நாற்பத்தெட்டு பிரேம் அதுதான்.

பிறகு தோளில் சம்மட்டியோடு ஓர் ஆள் பிரேமின் ஓரமாகக் கடந்து போகிறான். முகம் தெரியவில்லை. "சாயந்தரம் சாள மீன் வந்தா வாங்கி வை" என்று சொல்லிக்கொண்டே போகிறான். அவள் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். க்ளிப் முடிகிறது.

திரையின் கீழே தேதியும் நேரமும் இருந்தன. காலை ஏழு பத்து. பாறை சரிந்தது அன்று பதினொன்றரைக்கு.

வேதமுத்து மேசைமேல் நெற்றியை வைத்துக்கொண்டார். மங்களேஸ்வரி அவர் தோளைத் தொடவில்லை.

"அந்த ஆளோட குரல் படத்துல வேற எங்கயாவது இருக்கா?"

"இல்லக்கா. இது ஒண்ணுதான்."

வேதமுத்து நெற்றியை எடுக்காமலே பேசினார்.

"விருதைத் திருப்பிக் கொடுத்துடறேன்க்கா."

"கொடு. பேப்பர்ல உன் படம் வரும். கடிதம் எழுதின பொண்ணுக்கு என்ன வரும்?"

"அப்ப அவளுக்குப் பதில் எழுதறேன். இந்த க்ளிப்பை அனுப்பறேன்."

"தபால்லயா?"

வேதமுத்து தலை நிமிர்ந்தார். மங்களேஸ்வரி கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதமுத்து அந்த ஊரில் இறங்கினார். வருவதாக எழுதியிருந்ததால் சண்முகக்கனி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். வணக்கம் சொன்னாள். வீடுவரை முன்னால் நடந்தாள். அவர் அந்த ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை.

அவள் அம்மா சுடலைவடிவு உள்ளே பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்த முகம்தான். ஆனால் அடையாளம் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. அவள் மகளைப் பார்க்கவில்லை. மகளும் அவளைப் பார்க்கவில்லை.

"யாருய்யா நீங்க?"

வழியெல்லாம் அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். அது வரவில்லை.

"அந்தப் படத்துல... உங்க சிரிப்பை அந்த இடத்துல வச்சது நான்தாம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் லேப்டாப்பைத் தரையில் வைத்துத் திறந்தார். க்ளிப்பைப் போட்டார்.

'ஏட்டி வடிவு' என்று குரல் வந்ததும் சுடலைவடிவின் மடியிலிருந்து தட்டு சரிந்தது. புகையிலைத் தூள் தரையெல்லாம் கொட்டியது. யாரும் அதை எடுக்கவில்லை. சண்முகக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

க்ளிப் முடிந்தது.

"இன்னொருக்கப் போடுங்க" என்றாள் சுடலைவடிவு.

போட்டார். ஏழு தடவை போட்டார். ஏழாவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்குச் சாள மீனு வரல" என்றாள். பிறகு மகளிடம் சொன்னாள். "நாந்தான் சொன்னம்லா. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நெனச்சேன் பிள்ள. ஒரு பொம்பள அப்படிச் சிரிப்பாளா, சிரிச்சது மறந்தும் போகுமான்னு எத்தன நாளு எனக்குள்ளயே கேட்டுருக்கேன்."

சண்முகக்கனி குனிந்து, கொட்டிய தூளைக் கையால் கூட்டித் தட்டில் போட்டாள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரியை எடுத்து, இலை வெட்ட ஆரம்பித்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் இலையின்மேல் விழுந்துகொண்டே இருந்தது.

வேதமுத்து கைகூப்பினார்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா."

சுடலைவடிவு அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்கு எம்மேல என்னய்யா கோவம்?"

"கோவம் ஒண்ணும் இல்லம்மா. உங்களை யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

"கோவமே இல்லாமலயா இப்படிச் செஞ்சீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

சண்முகக்கனி போனை நீட்டினாள். அவர் க்ளிப்பை அதில் ஏற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது சுடலைவடிவு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

சென்னைக்கு வந்ததும் படத்தின் இயக்குநரைக் கூப்பிட்டு அந்த ஷாட்டை எடுத்துவிடச் சொன்னார்.

"சார், படமே அந்த ஷாட்தான்" என்றார் இயக்குநர். "அதுவும் போக, நாப்பது நாட்டுக்குப் போயாச்சு. எந்தப் பிரதியிலன்னு எடுக்கறது?"

அந்த மாதம் ஒரு திரைப்பட விழாவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரங்கில் எண்ணூறு பேர். வேதமுத்து முதலில் படத்தில் இருப்பதைப் போட்டார். பிறகு, தாயும் மகளும் சம்மதித்திருந்ததால், முழு க்ளிப்பையும் போட்டார். நடந்ததைச் சொன்னார். சுடலைவடிவு கேட்டதையும் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மறைக்கவில்லை. பேசி முடித்து மேடையிலேயே நின்றார்.

மறுநாள் காலை மங்களேஸ்வரி வீட்டுக்குப் போனார். அவர் காபி கொடுத்தார். வேதமுத்து குடிக்கவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா."

"என்ன ஆச்சு?"

"கை தட்டினாங்க."

"ம்."

"எழுந்து நின்னு தட்டினாங்க. ஒருத்தர் அழுதார். இவ்வளவு நேர்மையான கலைஞனை நான் பார்த்ததில்லைன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"கை தட்டும்போது நீ என்ன பண்ணின?"

வேதமுத்து தரையைப் பார்த்தார். ஆபீஸில் அந்தக் குரலைக் கேட்டபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை.

"கும்பிட்டேன்க்கா. நெஞ்சுல கை வச்சு, தலையைக் குனிஞ்சு. விருது வாங்கும்போது பண்ணுவேனே, அப்படியே. பண்ணி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது."

வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"எனக்கு ஐம்பத்தாறு வயசுக்கா. எந்த முகத்தையும் பார்க்க முடியல. டிவியில யாராவது சிரிச்சா எழுந்து போயிடறேன். புதுப் படம் ஒண்ணு வந்திருக்கு. ரஷ்ஸைத் திறக்கவே பயமா இருக்கு. இந்த வெட்கம் எப்ப போகும்?"

மங்களேஸ்வரி ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்று திரும்பினார்.

"அது போயிட்டா, அந்தப் புதுப் படத்தை யாரு எடிட் பண்ணுவா?"