வராத ரயிலுக்கு

சாமி அவளுக்குச் சொல்லியிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நாளுக்குக் கால் மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, அவர் கொடுத்த நாமத்தைச் சொல்லியபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு வருடமாகத் தையல்நாயகியால் அது முடியவில்லை.

மற்றதெல்லாம் முடிந்தது. மூடிப்போன அரிசி ஆலையின் களத்தில், ஓர் ஓட்டுக் கொட்டகையில் சாமி இருந்தார். அந்தக் களத்தைப் பெருக்க முடிந்தது. வியாழக்கிழமைகளில் வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச முடிந்தது. அவருடைய இரண்டு வேட்டிகளைத் துவைத்து உலர்த்த முடிந்தது. அவர் தண்ணீர் குடிக்கும் சொம்பைப் புளி போட்டு, முகம் தெரிகிற வரைக்கும் துலக்க முடிந்தது. துலக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

சாமிக்கு முப்பத்தெட்டு வயது. அவளைவிட எட்டு வயது இளையவர். முன்பு பூகோள வாத்தியாராக இருந்தார். ஒருநாள் வகுப்பின் நடுவில் தேசப்படத்தைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு வெளியே வந்தவர், திரும்பிப் போகவில்லை என்பார்கள். எங்கே போனாலும் சைக்கிள். காலில் செருப்பு கிடையாது.

அவள் ரயில்வே கேட் கீப்பர். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்த கணவர் இறந்த பிறகு கிடைத்த வேலை. ஒற்றைத் தண்டவாளமும் ஒரு சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம், பக்கத்தில் ஓர் அறை, அறைக்குள் ஒரு போன். ஸ்டேஷனிலிருந்து வண்டி வருகிறது என்று சொன்னால், இரண்டு பக்கமும் கட்டையை இறக்கிப் பூட்ட வேண்டும். பூட்டியாயிற்று என்று பதில் சொல்ல வேண்டும். வண்டி கடந்த பிறகுதான் சாவி மறுபடி பூட்டைத் தொடலாம்.

ஒரு சித்திரை மாதக் காலையில், களத்தைப் பெருக்கி முடித்துவிட்டு, அவள் சாமியின் எதிரே வந்து நின்றாள். விளக்குமாறு கையிலேயே இருந்தது.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன் சாமி."

"சொல்லுங்க."

"எனக்கு நேரமே கிடைக்கல. டூட்டி, சமையல், இங்க வந்து போறது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி டவுன்ல ஒரு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா. கல்யாண மண்டபத்துல கூட்டம். நேரமில்லாதவங்களுக்கு மூணே நிமிஷம் போதும்னு வேற ஒரு மந்திரம் கொடுத்தாங்க."

"நல்லதுதானே. மூணு நிமிஷம் உட்கார்ந்தீங்களா?"

"உட்கார்ந்தா ரெண்டும் சேர்ந்து ஓடுது சாமி. அதுல பாதி, இதுல பாதி. எது உங்களோடது, எது அவங்களோடதுன்னே தெரியல."

சாமி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"ஒரு நாளைக்கு இங்க எவ்வளவு நேரம் இருக்கீங்க?"

"ரெண்டு மணி. சில நாள் மூணு."

"நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சாமி?"

"விளக்குமாத்தை அங்க வெச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போனாள். அவர் துரத்தியது, இன்னொருவரிடம் போனதற்காகவா, உட்காராததற்காகவா, இரண்டு மணி நேரம் வந்ததற்காகவா? வழியெல்லாம் யோசித்தாள். மூன்றையும் முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள். வீட்டுக்கு வந்ததும் மண்டபத்தில் கொடுத்த அந்த அம்மாவின் படத்தை எடுத்துப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். பிறகு அதற்கும் பயந்து, எடுத்து ஆணியில் மாட்டினாள்.

ஒன்பது நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

பத்தாம் நாள் உச்சி வெயிலில் பாசஞ்சர் வண்டிக்காகக் கேட்டை மூடியிருந்தாள். வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியாயிற்று; நடுவழியில் எங்கேயோ நின்றுவிட்டது. பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன.

ஷேர் ஆட்டோ ஓட்டும் பக்கிரிசாமி தலையை வெளியே நீட்டினான். "யக்கா, வண்டி வருதா, இல்ல பொண்ணு பாக்கப் போயிருக்கா?"

"வரும், இரு."

"எப்ப?"

"வரும்போது."

ஆட்டோவுக்குள்ளிருந்த மீன்காரி கூடையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "ஏறும்போது மீனு. இறங்கும்போது கருவாடு. உனக்குப் புண்ணியமாப் போவும் தையலு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் போனாள். அப்போதுதான் ஆட்டோவுக்குப் பின்னால் அந்தச் சைக்கிளைப் பார்த்தாள்.

சாமி இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தார் இளகிப் பளபளத்தது. இடது காலை எடுத்து வலது கால்மேல் வைத்துக்கொண்டார். பிறகு மாற்றினார்.

பக்கிரிசாமி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான். "சாமியே வெயில்ல நிக்கிறாரு. அவரு ஒருத்தருக்காவது தூக்கி விடேன். நாங்க வேணா கண்ண மூடிக்கிறோம்."

ஒன்பது நாளாக அவள் அவரைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தின் இரு கோடியையும் பார்த்தாள். கானல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டே நிமிடம். இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு பூட்டிடம் போனாள்.

அதற்குள் ஒரு கை வந்து பூட்டை மூடிக்கொண்டது. கொதிக்கிற இரும்பின்மேல் சாமி உள்ளங்கையை வைத்திருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கால் சுடுதே சாமி. நீங்க மட்டும் போயிடுங்க."

"யாருக்காக மூடினீங்க?"

"ரயிலுக்கு."

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல."

"சத்தமாவது?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். "இல்ல சாமி."

"தெரியாத ஒண்ணுக்காகவா இத்தனை பேர நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"அப்படிக் கேளுங்க சாமி!" என்றான் பக்கிரிசாமி.

திட்டுகிறாரா, திறக்கச் சொல்கிறாரா? திறக்கச் சொன்னால் கையை ஏன் எடுக்கவில்லை? "வருதுன்னு போன்ல சொன்னாங்க சாமி," என்றாள்.

"சொன்னவர நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"குரல் தெரியும்."

"இன்னொரு ஸ்டேஷன்காரரும் போன் பண்ணி வேற மாதிரி சொன்னா?"

"எனக்கு ஒரு ஸ்டேஷன்தான் சாமி. ரெண்டு பேர் பேச்சையும் கேட்டா, கேட் கீப்பர் பைத்தியம் பிடிச்சில்ல நிக்கணும்?"

சொன்ன பிறகு அவள் பேச்சு அவளுக்கே விசித்திரமாகப் பட்டது. பூட்டின்மேல் சாமியின் கை அப்படியே இருந்தது. அவள் சாவியை மறுபடி இடுப்பில் செருகினாள். அப்புறம்தான் அவர் கையை எடுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

வண்டி அதற்கப்புறமும் கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. நிதானமாக, தூரத்திலேயே ஊதிக்கொண்டு வந்தது. திறந்துவிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் அவளை மேலும் குழப்பியது.

கட்டை உயர்ந்தது. எல்லோரும் முண்டியடித்துப் போனார்கள். மீன்காரி கையை ஆட்டிவிட்டுப் போனாள். கடைசியாகச் சாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூடறீங்க?"

"பதினொரு தடவை."

"இவங்கள்ல யாருக்கு நேரம் இருந்துச்சு?"

"யாருக்கும் இல்ல. எல்லாருக்கும் அவசரம்தான்."

"பின்ன எப்படி நின்னாங்க?"

"நான் மூடினேன். நின்னாங்க."

சாமி தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டார். நான் மறுபடி எப்போது வரலாம் என்று கேட்க நினைத்திருந்தாள். தூசி அடங்கிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. அவளுக்கு ஓய்வு நாள். காலை பத்து மணிக்கு, செல்போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் எல்லாம் வந்து நின்றன. பால் பாக்கெட், துவைக்காத துணி, டவுனுக்கு மறுபடி வராததால் புஷ்பவல்லிக்கு வந்த கோபம், மண்டபத்து மந்திரம், இறந்துபோன கணவருடைய சட்டையில் அறுந்த ஒரு பொத்தான். ஒவ்வொன்றும் ஹாரன் அடித்தது. அவள் சாமி கொடுத்த நாமத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டையின் அந்தப் பக்கம் அவை முணுமுணுத்துக்கொண்டு நின்றன.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அந்த மணியை அவள் அறிவாள். விரிசல் விட்ட வெண்கலம் போல ஒரு கரகரப்பு.

"தையலம்மா."

பாதி எழுந்துவிட்டாள். அவர் இந்த வீட்டு வாசலுக்கு வந்ததே கிடையாது. இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு வராதவர். வராதே என்று சொன்னவர். கை தாழ்ப்பாள் வரைக்கும் போயிற்று.

மணி இன்னொரு முறை அடித்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாமம் அழுகையோடு கலந்து வந்தது. ஆனாலும் ஒரே நாமமாக வந்தது.

கால் மணி நேரம் ஆனதும் கதவைத் திறந்தாள். தெருவில் வெயில் மட்டும் இருந்தது. ஒரு நாய் படுத்திருந்தது. எதிர்த் திண்ணையும் காலி, கேட்டுப் பார்க்க யாருமில்லை.

முடியைக்கூடச் சரியாக முடியாமல் ஆலைக்கு ஓடினாள். களத்தில் பத்துப் பதினைந்து பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சாமி அடுப்பின் முன்னால் நின்று கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கஞ்சி அடிப்பிடித்த வாசனை களம் முழுக்க அடித்தது.

"சாமி, வர வேண்டாம்னு சொன்னீங்க. வந்துட்டேன்."

அவர் திரும்பவில்லை.

"வாசல்ல கூப்பிட்டது நீங்கதானா?"

"தொறந்தீங்களா?"

"தொறக்கல. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்களையே வாசல்ல நிக்க வெச்சிட்டேன்."

சாமி அகப்பையை அவளிடம் நீட்டினார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டாள்.

"ரயில் வந்துச்சா?"

தூரத்துத் தண்டவாளத்தின் பக்கம் அவள் கண் தானாகத் திரும்பியது. பிறகு மெல்லத் தாழ்ந்தது.

"வரல சாமி."

"நாளைக்கும் மூடுங்க."