பலாப்பால் ஒட்டின பஞ்சவர்ணம்

ஒரு ஊர்ல ஒரு பூனை. ஊர், பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் பூமி. பூனைக்குப் பேர் பஞ்சவர்ணம். காலை ஆட்டாமல் படுத்துக் கேள். நடுநடுவே 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா கதை அந்த இடத்திலேயே நின்னுடும்.

ம். சரி.

பஞ்சவர்ணம் சாதாரணப் பூனை இல்லை. அதோட பாட்டனோ முப்பாட்டனோ யாரோ டவுன்ல இருந்து கூடையில கொண்டு வந்த சீமைப் பூனை. அதனால இதுக்கும் உடம்பெல்லாம் புசுபுசுன்னு நீள மயிர். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூணும் கலந்து கிடக்கும். அதை வளர்த்தவள் அஞ்சலாட்சி. அவளுக்கு வாய் நீளம், அதைவிடக் கை சுத்தம். அவள் வீட்டுக்காரர் கோதண்டம். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் நிலம், கொல்லையில ரெண்டு பலாமரம்.

முந்தின ஐப்பசி மழையில ஊர் முழுக்க எலி. விதைக்குன்னு மூட்டை கட்டி வெச்ச மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வீட்டுக்கு வீடு கொறிச்சுத் தள்ளிடுச்சு, கரக் கரக்குன்னு. அஞ்சலாட்சி வீட்டு மூட்டையில மட்டும் ஒரு ஓட்டை இல்லை. மூட்டை மேலேயே பஞ்சவர்ணம் காவல் கிடந்தது. அந்த விதைதான் மார்கழியில மண்ணுக்குள்ள போச்சு, அந்த விளைச்சல்தான் வீட்ல அடுப்பு எரிய வெச்சது. அதுக்காக அஞ்சலாட்சி பூனையைத் தூக்கி வெச்சுக் கொஞ்சினாளா? இல்லை. வெள்ளிக்கிழமை தலை முழுகித் தன் சிக்கை எடுத்து முடிச்சதும், "வாடி இங்க"ன்னு கூப்பிட்டுப் பூனைக்கும் ஒரு மரச்சீப்பால சிக்கெடுத்து விடுவாள். அதுதான் அவள் மரியாதை.

அப்புறம் சித்திரையில பஞ்சவர்ணம் மூணு குட்டி போட்டது. கண் திறக்காத குட்டிகள். 'ஈன்ற பூனையைத் தொட்டால் குட்டியை இடம் மாத்திடும்'னு சொல்லுவாங்க. அதனால அஞ்சலாட்சி சீப்பை எடுத்து உள்ளே வெச்சுட்டாள். அவள் செஞ்ச தப்பு அது. சீப்புப் படாத வயித்து மயிர், தானே திரண்டு திரண்டு முடிச்சாச்சு.

ம் சொல்லு.

அப்போ ஒரு நாள் காலையில, பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குச் சுளை அனுப்பணும்னு அஞ்சலாட்சி பலாப்பழம் அறுத்தாள். கையில எண்ணெய், கத்தியில எண்ணெய், எல்லாம் முறையாத்தான் செஞ்சாள். சக்கையை மட்டும் வேப்பமர நிழல்ல குவிச்சுப் போட்டுட்டுச் சுளையைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டாள். வெயிலோ வெயில். குட்டிக்குப் பால் கொடுத்துக் களைச்ச பஞ்சவர்ணம் வந்து பார்த்தது. சக்கை ஜில்லுன்னு இருந்தது. தொப்புன்னு அதுமேல வயிறு படியப் படுத்துத் தூங்கிடுச்சு.

எழுந்தப்போ வயிறெல்லாம் பலாப்பால். அதுமேல செம்மண்ணு, அதுமேல வேப்பஞ்சருகு. நக்கிப் பார்த்தது, நாக்கு ஒட்டிக்கிச்சு. குட்டிங்க கிட்டப் போய்ப் படுத்தது. அதுங்க மூக்கால முட்டி முட்டித் தேடுதுங்க, காம்பையே காணோம். முடிச்சு விழுந்த மயிரும் பிசினும் சேர்ந்து மூடி போட்ட மாதிரி அடைச்சுக் கிடக்கு. வீச், வீச், வீச்!

அஞ்சலாட்சி ஓடி வந்து பார்த்தாள். "அடி பாவி! சக்கையிலயா போய்ப் படுத்தே?"

கோதண்டம் சொன்னார், "அதை ஏன் திட்டுற? அங்க கொட்டினது யாரு?"

"பேச்சை விட்டுட்டு வெந்நீர் கொண்டாங்க."

அஞ்சலாட்சிக்கு உலகத்துல எந்த அழுக்குக்கும் ஒரே மருந்து, வெந்நீரும் சீயக்காயும். பூனையை அன்னக்கூடையில இறக்கி, சளக் புளக், சளக் புளக்குன்னு தேய்ச்சாள். பூனை போட்ட சத்தம் இருக்கே, உனக்குச் சிக்கெடுக்கிறப்போ நீ போடுவியே, அதே சத்தம். அப்புறம் என்ன ஆச்சு? மேலோட இருந்த பலாப்பால் தண்ணியில இறுகி, ரப்பர் மாதிரி தோலோட போய் ஒட்டிக்கிச்சு. குட்டிங்க திரும்பவும் முட்டிப் பார்த்ததுங்க. இல்லை.

அது முதல் முயற்சி. ம்?

ம்.

அப்போ கோதண்டம், "தள்ளு புள்ள, இது ஆம்பளை வேலை"ன்னு கத்திரிக்கோலைக் கொண்டு வந்தார். முடிச்சைப் பிடிச்சுத் தூக்கினார். முடிச்சோட தோலும் சேர்ந்து கூடாரம் மாதிரி தூக்கிக்கிச்சு. எது மயிர், எது தோல்னு தெரியணுமே! சரக். மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு. ஹிஸ்ஸ்ஸ்! கோதண்டத்தோட முழங்கையில நாலு கோடு. பூனை ஒரே தாவலா பரண் மேல ஏறி, பழைய முறங்களுக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்கிச்சு.

"ஆம்பளை வேலையைப் பார்த்தாச்சா?"ன்னு கேட்டாள் அஞ்சலாட்சி.

"எரியுதுடி."

"எரியட்டும். அதுக்கும் எரியும்ல?"

சொல்லிட்டுக் குட்டிங்க கிட்ட ஓடினாள். ஆட்டுப்பாலைப் பஞ்சுல நனைச்சுக் குட்டி வாயில வெச்சாள். துப்பிடுச்சு. இன்னொண்ணுக்கு வெச்சாள். மூக்குல ஏறித் தும்மிச்சு. காலையில வீச் வீச்சுன்னு கத்தின குட்டிங்க இப்போ கீ... கீ...ன்னு இழுத்ததுங்க. அதுல சின்னது கத்தவே இல்லை. பொழுது மேற்கே சாயுது. அப்போ அஞ்சலாட்சி தனக்குத்தானே சொல்லிக்கிட்டாள், "என் விதையைக் காத்துக் கொடுத்தவளோட பிள்ளைங்க. என் வீட்லயே, என் சக்கையாலயே பட்டினி கிடந்து போச்சுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த மல்லாட்டையைத் திங்கிறது?"

தூங்கிட்டியா?

... ம்.

விளக்கு வைக்கிற நேரம் ஆச்சு. தீப்பெட்டியை எடுத்தாள். குச்சி விரல்ல ஒட்டிக்கிச்சு. பூனையைத் தேய்ச்சதுல கையெல்லாம் பலாப்பால். உதறினாள், போகலை. அப்போ கை தானே எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போச்சு. பலா அறுக்கிற கைக்கு அது பழக்கம்; யோசனையே தேவையில்லை. ரெண்டு சொட்டு விட்டுக் கசக்கினாள். பிசின் திரிதிரியா உருண்டு கீழே விழுந்தது.

அஞ்சலாட்சி அப்படியே நின்னுட்டாள். தன் ரெண்டு கையையும் பார்த்தாள்.

"ஏங்க! என் கைக்குத் தெரிஞ்சது கூட என் மண்டைக்குத் தெரியலையே!"

கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினாள். கோதண்டம் குறுக்கே வந்து நின்னார். "இரு. அது விளக்கெண்ணெய். பூனை நக்காம விடுமா? நக்கினா வயித்தால போகும். பால் கொடுக்கிற உடம்பு, தாங்காது. தேங்காயெண்ணெய் எடு."

ஒரு தடவை புருஷன் முகத்தைப் பார்த்தாள் அஞ்சலாட்சி. தேங்காயெண்ணெய் எடுத்தாள்.

ஆனால் பூனை பரண் மேல. கண்ணு ரெண்டும் பளபளன்னு தெரியுது, இறங்கி வருமா? காலையில வெந்நீர், மத்தியானம் கத்திரி. நீயா இருந்தா வருவியா? கோதண்டம் ஏணியைத் தேடப் போனார். "வேண்டாங்க. பிடிச்சா அது விரோதம். வந்தாதான் சரி"ன்னு சொல்லிட்டு, அஞ்சலாட்சி குட்டிங்களைப் புடவை மடியில வாரிப் போட்டு, பரணுக்கு நேர் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கூப்பிடலை. அண்ணாந்து கூடப் பார்க்கலை. கீ... கீ... ன்னு மடிக்குள்ள சத்தம்.

மேல ஒரு முறம் அசைஞ்சது. சர்ர். அப்புறம் ஒண்ணுமில்லை. அப்புறம், தொப்!

பஞ்சவர்ணம் வந்து மடியை மோந்தது. அஞ்சலாட்சி அதோட வயித்துப் பக்கமே போகலை. கையோட கொண்டு வந்திருந்த மரச்சீப்பை முதல்ல தாடைக்குக் கீழே வெச்சாள், அங்கே சிக்கே இல்லை. அப்புறம் கழுத்து. அப்புறம் முதுகு. வெள்ளிக்கிழமை சீப்பு அது. பூனைக்கு அடையாளம் தெரியாதா? கண்ணைச் சொருகிக்கிட்டு ஒருக்களிச்சது. குர்ர்ர், குர்ர்ர்.

அப்போதான் எண்ணெயை உள்ளங்கையில சூடு பண்ணி வயித்துல வெச்சாள். இழுக்கலை. ஊறவிட்டாள். அப்புறம் முடிச்சோட அடிமயிரைத் தோலோட ஒட்டி ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, நுனியில இருந்து மெல்ல மெல்லப் பிரிச்சாள். இழுக்கிற இழுப்பு விரலோட நின்னுடும், தோலுக்குப் போகாது. சிக்கெடுக்கத் தெரிஞ்சவள் அப்படித்தான் எடுப்பாள். பிசின் ஒரு உருண்டை. சருகு ஒண்ணு. இன்னொரு உருண்டை. கத்திரி பட்ட இடத்தைச் சுத்திப் போனாள். நடுவுல பூனை ஒரு தடவை 'உர்'ருன்னது. கையை எடுத்துட்டாள். அது அடங்கினதும் திரும்ப வெச்சாள்.

மயிர் விலகி, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு காம்பு தெரிஞ்சது. ஈரத்துணியால எண்ணெயைத் துடைச்சாள். கத்தாமல் கிடந்ததே சின்னது, அதை எடுத்து முதல்ல அங்கே வெச்சாள். மூக்கால தேடிச்சு. வழுக்கிச்சு.

சப்பு.

சப்பு, சப்பு, சப்பு.

அப்புறம் ரெண்டாவது. அப்புறம் மூணாவது. குஞ்சுக் காலால தாய் வயித்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு, மூணும் வரிசையாக் குடிச்சதுங்க.

பஞ்சவர்ணம் மடியிலேயே நீட்டிப் படுத்துடுச்சு. அஞ்சலாட்சிக்கு எழுந்திரிக்கவும் வழியில்லை, கையை எடுக்கவும் வழியில்லை. "ஏங்க, சோறு வடிச்சு வெச்சிருக்கேன். நீங்களே போட்டுச் சாப்பிடுங்க"ன்னாள்.

கோதண்டம் போய்த் தட்டோட வந்தார். பக்கத்துல உட்கார்ந்து, குழம்பு ஊத்திப் பிசைஞ்சு, ஒரு கவளம் உருட்டினார். தன் வாய்க்குக் கொண்டு போகலை. "ஆ காட்டு."

"ஐயே! யாராச்சும் பார்த்தா?"

"பார்த்தா பூனையைக் கேக்கட்டும். ஆ காட்டு புள்ள, காலையில இருந்து நீயும்தான் பட்டினி."

காட்டினாள்.

அப்போ பஞ்சவர்ணம் அஞ்சலாட்சி மணிக்கட்டை நக்க ஆரம்பிச்சது, சர்க், சர்க்னு, குட்டியை நக்குற மாதிரி. அது நன்றியா, தேங்காயெண்ணெய் ருசியான்னு என்னைக் கேட்காதே. அன்னிக்கு அந்த வீட்ல யாரும் யாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்றதுக்கு ஒரு வாயும் காலியா இல்லை. குட்டிங்க வாயில பால், பூனை வாயில வேலை, அஞ்சலாட்சி வாயில சோறு. கோதண்டம் வாய் நிறையச் சிரிப்பு.

கதை வயிறு நிறைஞ்சு படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.

ம்?

... சரி. தூங்கட்டும்.